+100 போட்டும் ஏன் 100 ஏறுவதில்லை? கிராபிக்ஸ் கார்டின் பூஸ்ட் கிளாக், சேலத்து வெயிலோடு

என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு (கேமின் காட்சிகளைத் திரைக்கு வரைந்து தரும் கார்டு) வாங்கியவர் அதன் விவரங்களைப் பார்த்தால் இரண்டு எண்கள் கண்ணில் படும். பேஸ் கிளாக் (அடிப்படை வேகம்) 1320 மெகாஹெர்ட்ஸ், பூஸ்ட் கிளாக் (ஏறி ஓடும் வேகம்) 1777 மெகாஹெர்ட்ஸ். கேமைத் திறந்து, திரையின் ஓரத்தில் கிளாக் அளவு தெரியும்படி வைத்துப் பார்த்தால் இரண்டுமே இருக்காது. 1935 என்று காட்டும். கொஞ்ச நேரம் ஆடிய பிறகு 1890 ஆகியிருக்கும். சரி, இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்போம் என்று கார்டின் வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் கிளாக்கை (சிப்பின் வேகத்தை) +100 என்று தள்ளினால் 1990 வர வேண்டுமல்லவா? வந்தது 1920 மட்டுமே. மீதி எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. (மேலே சொன்ன திரை எண்கள் ஓர் உதாரணத்துக்கு, உங்கள் கார்டில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.) பூஸ்ட் கிளாக்கை நாம் ஒரு அளவாக நினைத்துக்கொள்கிறோம். கார்டைப் பொறுத்தவரை அது ஒரு விளைவு. எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம், எவ்வளவு சூடாகலாம், எவ்வளவு வோல்டேஜ் போகலாம் என்ற மூன்று எல்லைகளுக்குள் அந்த நொடியில் எட்ட முடிந்த வேகம்தான் திரையில் தெரிகிறது. நீங்கள் தள்ளிய +100 இந்த மூன்று எல்லைகளில் எதையுமே தொடவில்லை. ஓவர்கிளாக் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பற்றித் தொடக்கத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இதை விட்டுவிடுவதால் வருபவை.

ஒரு காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கார்டுக்கு ஒரு வேகம் குறித்திருப்பார்கள், பளு ஏறினால் அந்த வேகத்தில் ஓடும், சும்மா இருந்தால் குறையும், அவ்வளவுதான். ஓவர்கிளாக் என்றால் அந்த ஒற்றை எண்ணை மாற்றுவது. 2012 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 680 கார்டோடு என்விடியா 'ஜிபியு பூஸ்ட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மின்சாரத்தில் மிச்சம் இருந்தால் கார்டே தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். அடுத்த ஆண்டு டைட்டன் கார்டில் வெப்பநிலையும் கணக்கில் சேர்ந்தது. 2016-இல் ஜிடிஎக்ஸ் 1080 வந்தபோது ஒவ்வொரு வோல்டேஜுக்கும் தனித்தனியே வேகத்தை மாற்றும் வசதி வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் முறை ஏறக்குறைய அதுதான்.

கார்டுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேகத்தில் ஓட இவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்று வரிசையாக எழுதிய பட்டியல். ஆஃப்டர்பர்னரைத் திறந்து, கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எஃப் எழுத்தைத் தட்டினால் இதே பட்டியல் ஒரு வளைகோடாகத் தெரியும். கீழே மில்லிவோல்ட், பக்கத்தில் மெகாஹெர்ட்ஸ். கார்டு நொடிக்குப் பலமுறை தன் நிலையைப் பார்த்து, அந்தக் கோட்டில் எந்தப் புள்ளியில் நிற்பது என்று முடிவெடுக்கிறது. எல்லைகள் இடம் கொடுத்தால் மேலே ஏறும், ஏதாவது ஒன்று தடுத்தால் கீழே இறங்கும்.

ஏற்காடு மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வண்டியின் மீட்டரில் 120 வரை எண் போட்டிருக்கும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்த இடத்தில் எவ்வளவு போகலாம் என்பதை ஏற்றமும் வளைவும் முன்னால் போகும் லாரியும்தான் முடிவு செய்யும். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஆக்சிலரேட்டரை இன்னும் மிதித்து என்ன பயன்? கார்டில் +100 போடுவது பல நேரம் அப்படித்தான் முடிகிறது. ஆகவே முதல் வேலை, முன்னால் நிற்கும் லாரி எது என்று கண்டுபிடிப்பது.

முதல் எல்லை: மின்சாரம்

பெரும்பாலான கார்டுகளில் முதலில் குறுக்கே வருவது இதுதான். 3060-க்கு என்விடியா வகுத்த அளவு 170 வாட். கார்டு தான் இழுக்கும் வாட்டை அளந்துகொண்டே இருக்கும். அந்த அளவை நெருங்கியதும் வளைகோட்டில் ஒரு படி இறங்கிவிடும். என்ன கேம் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். பழைய, லேசான கேமில் 120 வாட்டிலேயே கார்டு உச்ச வேகத்தில் ஓடலாம். ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போலக் கணக்கிட்டுக் காட்டும் வசதி) போட்ட புதிய கேமில் 170-ஐத் தொட்டு, வேகம் குறைந்து ஓடும். ஒரே கார்டு, ஒரே செட்டிங், இரண்டு கேமில் இரண்டு வேகம். கார்டில் கோளாறு எதுவும் இல்லை.

இதற்கு நல்ல சாட்சி லேப்டாப்பில் இருக்கிறது. 3060 லேப்டாப் சிப்பின் பூஸ்ட் கிளாக் என்று என்விடியா ஒரே எண்ணைத் தரவில்லை, 1283 முதல் 1703 மெகாஹெர்ட்ஸ் வரை என்று தருகிறது. மின்சார அளவு 60 முதல் 115 வாட் வரை. சிப் ஒன்றுதான். மெல்லிய லேப்டாப்பில் 60 வாட் கொடுத்தால் ஒரு வேகம், தடித்த லேப்டாப்பில் 115 வாட் கொடுத்தால் வேறு வேகம். 4050 லேப்டாப் சிப்பிலும் இதே கதை: 35 முதல் 115 வாட் வரை, 1605 முதல் 2370 மெகாஹெர்ட்ஸ் வரை. கல்லூரிக்கு லேப்டாப் வாங்கும் பிள்ளைகள் ஸ்டிக்கரில் 4050 என்று இருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். எத்தனை வாட் மாடல் என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

வேகத்தைக் கூட்டினால் மின்சாரம் அதே விகிதத்தில் கூடும் என்றால்கூடப் பரவாயில்லை. அதைவிட வேகமாகக் கூடுகிறது. சிப் வேலை செய்யும்போது செலவாகும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். அதிக வேகத்துக்கு அதிக வோல்டேஜும் வேண்டுமே! வேகத்தை 5 சதவீதம் கூட்ட, வோல்டேஜையும் 5 சதவீதம் கூட்ட வேண்டியிருந்தால், 1.05-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். சுமார் 1.16 வரும். வேகம் 5 சதவீதம், மின்செலவு 16 சதவீதம். உச்சிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிட விலை அதிகம்.

ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட் என்று தள்ளக்கூடிய ஒரு கோடு (ஸ்லைடர்) இருக்கிறது. அதை 110 சதவீதம் என்று தள்ள உங்கள் கார்டு விட்டால், 170 வாட் 187 ஆகும். எவ்வளவு தள்ளலாம் என்பதைக் கார்டைத் தயாரித்த நிறுவனம் பயாஸில் (கார்டுக்குள் பதித்த மென்பொருளில்) பூட்டி வைத்திருக்கும். சில மலிவு மாடல்களில் 100-க்கு மேல் போகவே போகாது.

இரண்டாவது எல்லை: சூடு

இங்கேதான் சேலத்துக்காரர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

என்விடியா கார்டுகள் பலவற்றில் டெம்ப் லிமிட் (வெப்ப எல்லை) 83 டிகிரி என்று வைக்கப்பட்டிருக்கும். 83-ஐத் தொட்டால் வேகம் குறையும் என்பது பலருக்கும் தெரியும். அதற்கு வெகு முன்பே குறையத் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. சிப் சூடாக ஆக, சில டிகிரிக்கு ஒரு படி என்று கார்டு கமுக்கமாக இறங்கிக்கொண்டே வரும். 3060 போன்ற கார்டுகளில் ஒரு படி என்பது 15 மெகாஹெர்ட்ஸ். 45 டிகிரியில் 1935-இல் இருந்தது, மின்சாரத்தில் மிச்சம் இருந்தாலும் 70 டிகிரியில் 1905 ஆகியிருக்கலாம். கேம் தொடங்கியதும் பெரிய எண்ணும், கொஞ்ச நேரம் கழித்துச் சின்ன எண்ணும் தெரிவது இதனால்தான். ஆகவே முதல் நிமிடத்து எண்ணைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிப் பெருமைப்படுவதில் அர்த்தம் இல்லை. அரை மணி நேரம் ஆடிய பிறகு நிற்கும் எண்தான் உங்கள் கார்டின் எண்.

ஹீட்சிங்கும் (சிப்பின் வெப்பத்தை வெளியே கடத்தும் உலோகத் தகடுகள்) ஃபேனும் சிப்பை அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறையைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் நிறுத்த முடியும். உங்கள் கார்டு முழுப் பளுவில் அறையைவிட 42 டிகிரி மேலே நிற்கிறது என்று வையுங்கள். மார்கழி இரவில் அறை 24 டிகிரி என்றால் சிப் 66. சித்திரை மதியம், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் 38 டிகிரி என்றால் சிப் 80. கார்டில் எதையும் தொடாமலே ஓரிரு படிகள் போய்விடும். ஏப்ரல், மே மாதங்களில் சேலம் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. அந்த நேரத்தில் ஓவர்கிளாக் செய்ய உட்காருவதைவிட கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்ப்பது அதிகம் பலன் தரும். மூடியைக் கழற்றியதும் சூடு ஐந்தாறு டிகிரி இறங்கினால், கார்டில் குறை இல்லை, கேபினெட்டில் காற்று ஓடவில்லை என்று பொருள்.

அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறி ஓடும் வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. பஞ்சு. சாதாரணத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிடலாம். நூல் பஞ்சு ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி படிந்துவிடும். வெளியே பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், உள்ளே காற்றுக்கு வழி இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புளோயர் பிடிப்பது நல்லது. பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் நிறுத்திக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

அப்போது ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் கொண்டாட்டமா? பெரும்பாலும் ஆம். ஆனால் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. காற்று லேசாக இருந்தால் அதே ஃபேன் அதே சுற்றில் அள்ளிக்கொண்டு போகும் வெப்பமும் குறையும். சேலத்தில் அறையைவிட 42 டிகிரி மேலே நின்ற கார்டு அங்கே இன்னும் சில டிகிரி கூட நிற்கலாம். ஆனாலும் அறையே பத்து, பதினைந்து டிகிரி குளிர்ச்சியாக இருப்பதால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மலைக்குத்தான் லாபம்.

மூன்றாவது எல்லை வோல்டேஜ். சிப்புக்கு இவ்வளவுக்கு மேல் வோல்டேஜ் கொடுத்தால் ஆயுள் குறையும் என்று தயாரிப்பாளர் ஒரு கோடு போட்டிருப்பார். வளைகோட்டின் வலது முனை அங்கே முடிந்துவிடும். மின்சாரமும் சூடும் இடம் கொடுத்தாலும் அதற்கு மேல் ஏறாது. லேசான கேமில் நீங்கள் முட்டுவது பெரும்பாலும் இந்த எல்லையில்தான். ஆஃப்டர்பர்னரின் வோல்டேஜ் கோட்டைத் தள்ளினால் ஓரிரு படி கூடுதலாகக் கிடைக்கலாம். சூட்டையும் மின்சாரத்தையும் பார்த்தால் இது எனக்குப் பிடிக்காத பேரம்.

சரி, +100 உண்மையில் என்ன செய்கிறது?

அந்த வளைகோடு முழுவதையும் 100 மெகாஹெர்ட்ஸ் மேலே தூக்குகிறது. முன்பு 950 மில்லிவோல்ட்டில் 1800 ஓடிய இடத்தில் இப்போது அதே 950-இல் 1900 ஓடச் சொல்கிறீர்கள். எல்லைகள் அப்படியே இருக்கின்றன. படிகள் 15 மெகாஹெர்ட்ஸ் என்பதால் 100 என்பது 90 ஆகவோ 105 ஆகவோ சரிக்கட்டப்படும்.

வோல்டேஜ் எல்லையில் முட்டி நிற்கும் கார்டுக்கு இந்தத் தூக்கல் ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கும், ஏனென்றால் அந்தக் கடைசிப் புள்ளியே மேலே போய்விட்டது. மின்சார எல்லையில் நிற்கும் கார்டுக்கு அப்படி இல்லை. அதே வோல்டேஜில் வேகம் கூடினால் வாட் கூடும், வாட் கூடினால் கார்டு சில படி இறங்கும். நிகரமாக 30, 40 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே மிஞ்சும். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை.

எந்த எல்லையில் நிற்கிறீர்கள் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் சென்சார் பக்கத்தில் 'பெர்ஃப்கேப் ரீசன்' என்று ஒரு வரி இருக்கும். கேம் ஓடும்போது அங்கே பவர் என்ற சுருக்கம் தெரிந்தால் மின்சாரம், தெர்மல் என்ற சுருக்கம் தெரிந்தால் சூடு, வி என்று தொடங்கினால் வோல்டேஜ். யூட்டில் என்று வந்தால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் உங்கள் புராசஸர் அதற்கு வேலை கொடுக்க முடியாமல் திணறுகிறது. அந்த நிலையில் கார்டை ஓவர்கிளாக் செய்து ஒரு பயனும் இல்லை. இந்த ஒரு வரியைப் பார்க்காமல் கோடுகளைத் தள்ளுபவர்களைக் கண்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 1900-இல் 100 கூடினால் சுமார் 5 சதவீதம். அது முழுதாகக் கிடைத்தாலும் 60 எஃப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) 63 ஆகும்.

எங்கள் ஊர் வெயிலுக்கு என் சிபாரிசு இதற்கு நேர் எதிரான வழி: அண்டர்வோல்ட், அதாவது வோல்டேஜைக் குறைப்பது. எதிரான வழி என்றாலும் பயன்படுத்துவது அதே வளைகோடுதான். ஒவ்வொரு சிப்பும் ஒரே தரத்தில் வராது என்பதால் தயாரிப்பாளர் எல்லாச் சிப்புக்கும் தாங்கும்படி கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்திருப்பார். உங்கள் சிப் நல்லதாக அமைந்தால் அந்தத் தாராளத்தைக் குறைக்கலாம். வளைகோட்டில் 900 மில்லிவோல்ட் இருக்கும் புள்ளியைப் பிடித்து, கார்டு வழக்கமாக ஓடும் வேகத்துக்கு, உதாரணமாக 1875-க்கு, தூக்குங்கள். அதற்கு வலப்பக்கம் உள்ள புள்ளிகளையெல்லாம் அதே உயரத்துக்கு இறக்கித் தட்டையாக்குங்கள். டிக் பொத்தானை அழுத்துங்கள். இனி கார்டு 900-ஐத் தாண்டிப் போக எந்தக் காரணமும் இல்லை.

1050 மில்லிவோல்ட்டில் ஓடியது 900-க்கு இறங்கினால், மேலே சொன்ன வர்க்கக் கணக்குப்படி அதே வேகத்துக்கு ஆகும் மின்செலவு சுமார் கால்பங்கு குறையும். (சிப் சும்மா இருக்கும்போது கசியும் மின்சாரம், மெமரி, ஃபேன் எல்லாம் தனி. ஆகவே மொத்தக் கார்டின் வாட் அந்த அளவுக்குக் குறையாது.) வாட் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் படி இறங்காது, ஃபேனும் கத்தாது. மின்சார எல்லையில் முட்டி 1860-க்கும் 1890-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்த கார்டு, 1875-இல் அசையாமல் நிற்கும். உங்கள் சிப்புக்கு 900 போதாவிட்டால் கேம் மூடிக்கொள்ளும். 925 வைத்துப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் 950.

எப்படிச் சோதிப்பது என்பதில் ஒரு வழக்கமான தவறு உண்டு. கனமான பெஞ்ச்மார்க்கை (கார்டின் திறனை அளக்கும் சோதனை மென்பொருளை) ஓட்டி, தாங்கிவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். கனமான பளுவில் மின்சார எல்லை கார்டைக் கீழேயே பிடித்து வைத்திருக்கும், வளைகோட்டின் உச்சிப் புள்ளிகளுக்கு அது போவதே இல்லை. லேசான கேமிலோ, கேமின் மெனுவிலோ, லோடிங் திரையிலோதான் அந்த உச்சியைத் தொடும். அங்கே போய்த் திடீரென்று கருப்புத் திரை. கார்டு இரண்டு நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) மீட்டமைத்துவிடும், கேம் மூடிக்கொள்ளும். ஆகவே கனமானது ஒன்று, லேசானது ஒன்று என்று இரண்டு விதத்திலும் ஓட்டிப் பாருங்கள். இதே காரணத்தால் மே மாதம் சேலத்தில் தாங்கிய +120, டிசம்பரில் ஏற்காட்டில் விழலாம். குளிரில் கார்டு இன்னும் இரண்டு மூன்று படி மேலே ஏறிப் பார்க்கும், நீங்கள் ஒருமுறையும் சோதிக்காத புள்ளி அது. மேலே சொன்னபடி தட்டையாக்கிய வளைகோட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மெமரி கிளாக் (கார்டின் நினைவக வேகம்) தனிக் கணக்கு. அது தானாக ஏறி இறங்கி விளையாடாது, போட்ட எண்ணில் நிற்கும். ஆனால் ஜிடிடிஆர்6 வகை மெமரியில் பிழையைக் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பும் வசதி உள்ள கார்டுகளில், அதிகமாகத் தள்ளினால் கேம் விழாது, எஃப்பிஎஸ் மட்டும் குறையும். தரவைத் திரும்பத் திரும்ப அனுப்புவதிலேயே நேரம் போய்விடுகிறது. ஆகவே மெமரியை ஏற்றும்போது விழுகிறதா என்று பார்ப்பது போதாது, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பெஞ்ச்மார்க் மதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள். மதிப்பெண் திரும்பும் இடத்துக்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்எக்ஸ் 6600-க்கு கேம் கிளாக் 2044, பூஸ்ட் கிளாக் 2491 என்று இரண்டு எண் இருக்கும். என்விடியா பூஸ்ட் என்று சொல்வது சாதாரணக் கேம்களில் சராசரியாக எதிர்பார்க்கக்கூடிய வேகம், அதனால்தான் நடைமுறையில் அதைத் தாண்டியே ஓடுகிறது. ஏஎம்டி பூஸ்ட் என்று சொல்வது எட்டக்கூடிய உச்சம், கேம் கிளாக்தான் எதிர்பார்க்க வேண்டிய வேகம். 2491 வரவில்லை என்று கார்டைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். 6600-க்கு ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளில் +100 மாதிரி கூட்டல் இல்லை, உச்ச வேகத்தையும் வோல்டேஜையும் நேராகவே கொடுக்கலாம். அங்கேயும் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பதே நல்ல தொடக்கம்.

கடைசியாக வீட்டுக் கரண்ட். மாலையில் லோ வோல்டேஜ் வந்தால் எஃப்பிஎஸ் குறையும் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. உள்ளே 180 வந்தாலும் 230 வந்தாலும் நல்ல எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை) கார்டுக்கு அதே 12 வோல்ட்டைத்தான் தரும், பூஸ்ட் கிளாக்குக்கும் சுவர் வோல்டேஜுக்கும் தொடர்பு இல்லை. யுபிஎஸ்தான் உண்மையான கவலை. கடையில் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். பவர் லிமிட்டை ஏற்றிய கார்டு, புராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்ந்து அதன் பக்கத்தில் வந்துவிடும். கார்டு சில நேரம் கண்ணிமைக்கும் நேரத்துக்கு அளவைத் தாண்டியும் இழுக்கும். கரண்ட் போகும் அந்த நொடியில் யுபிஎஸ் கூவிவிட்டு அணைந்துபோனால், ஓவர்கிளாக் நிலைக்கவில்லை என்று நினைத்து வளைகோட்டை நோண்ட வேண்டாம். பவர் லிமிட்டை 100-க்கு இறக்கிவிட்டு, கேம் ஓடும்போது யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பிரச்சினை எங்கே என்று அப்போதே தெரிந்துவிடும்.